கடிகாரத்தைச் சரியாக வரைகிறவர்கள்

சூசன்னா கஹாலனின் 'பிரெயின் ஆன் ஃபயர்' படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் அந்தக் கடிகாரத்தைத்தான் முதலில் சொல்வார்கள்.

2009. நியூயார்க் போஸ்ட் பத்திரிகையில் நிருபராக இருக்கும் 24 வயதுப் பெண். வீட்டில் மூட்டைப்பூச்சி வந்துவிட்டது என்ற சந்தேகத்தில் ஆரம்பிக்கிறது. அப்புறம் பிரமை, வலிப்பு, பேச்சுக் குழறல். சில வாரங்களில் ஆளே மாறிப்போகிறார். சோதனை மேல் சோதனை எடுக்கிறார்கள், பெரிதாக எதுவும் பிடிபடவில்லை. குடிப்பழக்கம்தான் காரணம் என்று ஒரு டாக்டர் முடிவு கட்டுகிறார். கடைசியில் சூஹேல் நஜ்ஜார் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு காகிதத்தைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொல்கிறார். 1 முதல் 12 வரை அத்தனை எண்களையும் வலது பாதியிலேயே அடைத்து வைக்கிறார் சூசன்னா. இடது பாதி காலி. மூளையின் வலது பக்கத்தில் அழற்சி இருக்கிறது என்பது அங்கே பிடிபடுகிறது.

நோயின் பெயர் என்எம்டிஏ ஏற்பி எதிர்ப்பு மூளையழற்சி. நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் ஓர் ஏற்பியை உடலின் சொந்த எதிர்ப்பொருளே தாக்குகிறது. ஜோசப் டல்மாவ் குழு இதை அடையாளம் கண்டது 2007-ல்தான். இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் சூசன்னாவின் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்தாலே பகீர் என்கிறது.

2012-ல் வந்த இந்தப் புத்தகத்தைப் போன மாதம் இரண்டாவது முறை படித்தேன். நேர்மையான புத்தகம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. அந்த ஒரு மாதம் அவருக்கு அநேகமாக நினைவில் இல்லை. மருத்துவமனை வீடியோ, அப்பா எழுதிய குறிப்புகள், மருத்துவப் பதிவுகள் இவற்றை வைத்து, அடுத்தவர் கேஸைத் துப்பறிவது போலத் தன் கேஸையே துப்பறிகிறார். எனக்கு உறுத்துவதும் அந்தத் துப்பறியும் வடிவம்தான். அதில் ஒரே ஒரு குற்றவாளி. மாட்டிக்கொள்கிறான், சிகிச்சை நடக்கிறது, கதை முடிகிறது. தன்னெதிர்ப்பு நோய் மூளையைத் தொட்டால் இப்படித்தான் இருக்கும் என்று நம்மில் பலர் மனதில் பதிந்துபோனதும் அதுதான்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பள்ளி ஆசிரியை. பல வருஷமாக லூபஸ். நாலாவது பீரியட் வரும்போது பிள்ளைகள் பெயர் வாயில் வராது. ஆரம்பித்த வாக்கியம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது நடுவில் நழுவிவிடும். டாக்டரிடம் சொன்னதும் பத்து நிமிஷ ஞாபகச் சோதனை ஒன்று வைத்தார்கள். அதிலும் கடிகாரம் உண்டு. "அழகா வரைஞ்சேன்டா, முள்ளு கூட சரியா வச்சேன்" என்றார். நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள்.

லூபஸில் வரும் நரம்பு, மனம் சார்ந்த கோளாறுகள் என்று அமெரிக்க வாதவியல் கல்லூரி 1999-ல் 19 வகைகளைப் பட்டியலிட்டது. சிந்தனைத் திறன் குறைவு அதில் ஒன்று, அடிக்கடி காணப்படுவதும் கூட. தீ மாதிரி பற்றி எரிவதில்லை, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

இன்னொரு விஷயம். சூசன்னாவைத் தாக்கிய அதே ஏற்பி லூபஸ் கதையிலும் வருகிறது. லூபஸில் டிஎன்ஏவுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்களில் சில, என்எம்டிஏ ஏற்பியிலும் போய் ஒட்டிக்கொள்கின்றன என்று பெட்டி டயமண்டும் அவர் சகாக்களும் 2001-ல் காட்டினார்கள். பிறகு எலிகளில் பார்த்தார்கள். எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால் மட்டும் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு திறந்தால்தான் ஆபத்து. பாக்டீரியா நச்சால் அதைத் திறந்தால் ஞாபகம் அடிவாங்குகிறது. அட்ரினலினால் திறந்தால் பயத்தைக் கையாளும் பகுதி கெடுகிறது. ஒரே எதிர்ப்பொருள், கதவு எங்கே திறக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு சேதம்! இவ்வளவு அழகான விளக்கம் இருந்தும் மனிதர்களிடம் கணக்கு நேராகவில்லை. அந்த ஏற்பியை அடக்கும் மெமன்டின் மருந்தை லூபஸ் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள், சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை.

ஏனென்றால் இங்கே குற்றவாளி ஒருவன் இல்லை. அழற்சி, வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் கூட்டு. ஸ்டீராய்டும் உண்டு. சூசன்னாவை மீட்டதில் பங்குள்ள அதே ஸ்டீராய்டு, நீண்ட நாள் எடுத்தால் ஞாபகத்தையும் மனநிலையையும் அசைத்துப் பார்க்கும்.

இன்னும் சிக்கலானது ஒன்று இருக்கிறது. நோயாளி சொல்லும் மறதியும் சோதனையில் வரும் மதிப்பெண்ணும் பல நேரம் பொருந்துவதில்லை. சொல்லும் மறதி, மனச்சோர்வோடும் களைப்போடும்தான் அதிகம் ஒத்துப்போகிறது. "அப்போ மனசு சம்பந்தப்பட்டதுதானே" என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். சோர்வு உண்டாவதிலேயே அழற்சிக்குப் பங்கு இருக்கலாம் என்பதை யார் அந்த ஐந்து நிமிஷ ஆலோசனையில் பேசப்போகிறார்கள்?

புத்தகம் என்னை இடறுவது இங்கேதான். அதன் பெரிய நிம்மதியே "பைத்தியம் இல்லை, உடம்பில்தான் கோளாறு" என்பது. தண்டுவட நீரில் எதிர்ப்பொருள் கிடைத்தவருக்கு அது விடுதலை. எதுவும் கிடைக்காதவருக்கு அதே வாக்கியம் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது: உடம்பில் ஒன்றும் இல்லையே, அப்புறம் என்ன? கஹாலனுக்கும் இது உறைத்திருக்கிறது. மனநோய், உடல்நோய் என்ற இந்தக் கோட்டையே 2019-ல் வந்த 'த கிரேட் பிரிட்டெண்டர்' புத்தகத்தில் தோண்டிப் பார்க்கிறார்.

முதல் புத்தகத்திலும் மூன்றாம் பாகம் இருக்கிறது. குணமாகி வரும் மாதங்கள். மருந்தால் பருத்த உடம்பு, மெதுவாக வரும் பேச்சு, எதிரே நிற்பவர் முகத்தில் தெரியும் பரிதாபம். கடிகாரக் காட்சியை விட இதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஆனால் வாசகர்கள் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அக்காவிடம் நீங்களே எழுதுங்களேன் என்றேன். சிரித்தார். கஹாலனுக்கு மருத்துவமனைக் கேமரா இருந்தது, அப்பாவின் நோட்டு இருந்தது. இவர் விஷயத்தில் யாரும் கேமரா வைக்கும்படி எதுவும் நடக்கவில்லை. எழுத வேண்டுமென்றால், மறந்துபோனவரே உட்கார்ந்து ஞாபகப்படுத்தி எழுத வேண்டும்.