கடன் வாங்கிய பஞ்சு

பழைய மீன்தொட்டியின் ஃபில்டரிலிருந்து ஒரு பஞ்சை எடுத்துப் புதுத் தொட்டியில் போட்டுவிடு, நாலைந்து வாரக் காத்திருப்பு மிச்சம் என்பார்கள். மீன் வளர்ப்போரிடையே இந்த யோசனை கைமாறிய அளவுக்குச் சோதிக்கப்பட்டதில்லை. பலித்தவர்கள் அடுத்தவருக்குச் சொல்கிறார்கள். பலிக்காதவர்கள் கடைக்காரரைக் குறை சொல்லிவிட்டு வேறு மீன் வாங்குகிறார்கள். யோசனை சரியா என்பதைவிட, அது சரியென்பதற்கு நாம் காட்டும் சான்று சரியா என்பதுதான் இங்கே என் கேள்வி.

குறைபட்ட சாட்சியம் ஒன்று என்னிடமே இருக்கிறது. நாகர்கோவிலில் ஒரு நண்பரின் தொட்டியில் இரண்டு வருடம் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை நன்றாகப் பிழிந்து, பாலித்தீன் பையில் கட்டி, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டு திருவனந்தபுரம் தம்பானூரில் வந்து இறங்கினேன். அன்று மாலையே 60 லிட்டர் தொட்டியில் அதை ஓடவிட்டு ஆறு பார்ப் மீன்களை விட்டேன். ஒன்றும் சாகவில்லை. நான்கு மாதம் வரைக்கும் சாகவில்லை. ஐந்தாம் மாதத்தில் ஒரே இரவில் ஆறும் போயின. நான்கு மாத வெற்றியைப் பஞ்சின் கணக்கிலும், அந்த ஓர் இரவை என் போதாத காலத்தின் கணக்கிலும் எழுதிக்கொண்டேன். இரண்டு பதிவும் தவறு.

முறையின் அடிப்படை பற்றி ஐயமில்லை. மீன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது ஓரளவு பொறுக்கத்தக்கது. இந்த மாற்றத்தைச் செய்யும் கூட்டம் தொட்டி நீரில் மிதப்பது சொற்பம். ஃபில்டர் பஞ்சிலும் செராமிக் வளையத்திலும் சரளைக்கல்லிலும் வழுவழுப்பான உயிர்ப்படலமாக ஒட்டி வாழ்வதுதான் பெரும்பகுதி. ஆகவே பழைய தொட்டியின் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து வருவது வீண் உழைப்பு. பஞ்சைக் கொண்டுவருவது பொருளுள்ள காரியம்.

அந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி இந்த உயிர்களைத் தனித்துப் பிரித்தெடுத்ததிலிருந்து நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரட்டைப் பெயரைக் கையேடுகள் நூறாண்டு ஓதின. 1998-இல் ஹோவனெக் குழுவினர், நன்னீர்த் தொட்டியில் நைட்ரைட்டைக் கையாள்வது நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். 2011-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வு, பல நன்னீர்த் தொட்டி ஃபில்டர்களில் அம்மோனியாவை எடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் மேலோங்கியிருப்பது பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற வேறொரு நுண்ணுயிர்ப் பிரிவு என்றது. 2015-இல் இரண்டு வேலையையும் ஒரே உயிர் தனியாகச் செய்துமுடிக்கும் என்று தெரியவந்தது. அந்தக் கண்டுபிடிப்புகளில் ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பொன்றின் உயிர்வடிகட்டியிலிருந்தே கிடைத்தது.

பஞ்சு மாற்றும் முறையின் முதல் பெருமை இங்கேதான் புலப்படுகிறது. பெயர் சரியாகத் தெரியாத நாளிலும் அது வேலை செய்தது. பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்த இனத்தை அடைப்பது, அது வெயிலில் நிற்கும் லாரியில் எத்தனை நாள் தாங்கும் என்பதையெல்லாம் தயாரிப்பாளர் முன்கூட்டியே சரியாகக் கணித்திருக்க வேண்டும். பஞ்சோ கூட்டத்தை முழுதாகவும், ஒட்டிய நிலையிலும் கொண்டுவந்து சேர்க்கிறது.

இந்த முறையை உறை மோரோடு ஒப்பிடுவது நம் வழக்கம். ஒப்பீடு பாதி தூரம்தான் வரும். பாலில் உறை ஊற்றினால் காலையில் தயிர், ஏனென்றால் அந்த பாக்டீரியா ஒரு ராத்திரிக்குள் பலமுறை இரட்டிக்கும். ஒரு ஸ்பூன் போதும், அரை ஸ்பூனும் போதும். அம்மோனியா உண்ணும் கூட்டம் ஒருமுறை இரட்டிக்க, எல்லாம் ஒத்துவந்தாலே, எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை எடுத்துக்கொள்ளும். தேவையான கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வந்து சேர்ந்தால் மூன்று இரட்டிப்பில் நிறைவு. ஆயிரத்தில் ஒரு பங்கு வந்தால் பத்து. ஆகவே ஒரு துண்டுப் பஞ்சைப் பெயருக்குப் போட்டுவிட்டு அன்றே மீன் விடுவதற்குத் தர்க்கத்தில் இடமில்லை. புதுத் தொட்டியின் மீன் சுமைக்கு ஈடான பங்கு வந்தால்தான் 'உடனடி' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. ஆனால் அவ்வளவு பஞ்சைக் கொடுத்தால் கொடுத்தவர் தொட்டி தள்ளாடும். ஒரு தொட்டியின் வடிகட்டிப் பொருளில் கால் பங்குக்குமேல் கேட்பது நட்புக்கும் நல்லதல்ல.

வழியில் நேரும் இழப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்றுப் புகாத பையில் நீர் நிரப்பிப் பஞ்சை மூழ்கடித்தால், அந்த நீரின் ஆக்சிஜன் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். ஈரத் துணியில் சுற்றி, பையில் காற்று விட்டு வைப்பதே சரி. சென்னைக் கொளத்தூரிலிருந்து மெயில் ரயிலில் 16 மணி நேரம் வரும் பஞ்சு இறந்தே வரும் என்று சொல்ல மாட்டேன். முழுதாக வந்து சேரும் என்று நம்பவும் மாட்டேன். குழாயடியில் கழுவுவது இன்னும் மோசம். குடிநீரில் விட்டுவைக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்தான் என்றாலும், ஓடும் குழாயின் கீழே பிடித்த பஞ்சுக்கு அது ஓயாத தாக்குதல். நான் புறப்படும்போது பிழிந்து கொட்டிய பழுப்புச் சேற்றிலும் கொஞ்சம் சரக்கு போயிருக்கும்.

முறையின் மெய்யான குறை, அது எதையும் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் கொண்டுவரும் என்பது. முன்பு பெருமை என்றதே இங்கே பழியாகிறது. வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி, நத்தை முட்டை, தட்டைப் புழு, ஹைட்ரா எல்லாம் அதே பஞ்சில் பயணம் செய்யும். மீனில்லாத வெதுவெதுப்பான நீரில் ஒரு வாரத்துக்குமேல் விட்டால் வெண்புள்ளி ஒட்டுண்ணி ஒட்ட ஆளின்றி மடியும். ஆனால் அந்த நாட்களில் நம் கூட்டத்துக்கும் இரையில்லை. இதற்கு விடை நாட்டு மருந்துக் கடையில் இருக்கிறது. நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடுதான். அதன் எடையில் 26 சதவீதம் நைட்ரஜன். 60 லிட்டருக்கு அரை கிராம் கரைத்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். சாலைக் கடைத்தெருவில் கிடைப்பது ஈயம் பூசுவோருக்கான சரக்காக இருந்தால் உலோகக் கலப்பு உண்டா என்று சந்தேகப்பட வேண்டும். ஆய்வகத் தரத்தில் வாங்குவது மேல். அந்த 2 மில்லிகிராமும் 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் மிஞ்சாமல் இருந்தால் தொட்டி 'சைக்கிள்' ஆகிவிட்டது. மீன் உயிரோடிருப்பதை இந்த அளவீட்டுக்கு மாற்றாக யாரும் நீட்ட முடியாது.

ஏன் முடியாது என்பதைத் தம்பானூர் எனக்குக் கற்றுத்தந்தது. திருவனந்தபுரத்தின் குழாய் நீருக்கு மூலம் அருவிக்கரையில் தேங்கும் கரமனையாறு; 1933-இல் வில்லிங்டன் பெயரில் தொடங்கிய குடிநீர்த் திட்டத்தின் வழிவந்த ஏற்பாடு அது. சுண்ணாம்பை அதிகம் கரைத்துக் கொடுக்காத மலைப்பாறைகளிலிருந்து இறங்கும் மென்னீர். செம்புரைக்கல் நிலத்தில் தோண்டிய கிணறுகளின் நீர் பல இடங்களில் அமிலப் பக்கமே சாய்ந்திருக்கும். எங்கள் கட்டடத்தில் மேல்தொட்டிக்கு ஏறுவது கிணற்று நீர். நண்பர் வீட்டிலோ குழாய் முனையில் வெள்ளைப் படிவு விடும் போர்வெல் நீர். அந்தக் காரத்தில் வளர்ந்த கூட்டத்தை இந்த மென்னீரில் கொண்டுவந்து இறக்கினேன்.

விளைவு கணக்கிலேயே தெரிகிறது. 40 சதவீதப் புரதம் உள்ள தீவனம் நாளுக்கு அரை கிராம் போட்டால், மீன் வளர்ப்பில் புழங்கும் வாய்பாட்டின்படி சுமார் 18 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் சேரும். 60 லிட்டரில் இது லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், அச்சுறுத்தும் அளவல்ல. ஆனால் ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 7.14 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான காரத்தன்மை செலவாகிறது. அப்படியானால் தொட்டி நாளொன்றுக்கு லிட்டருக்கு 2.2 மில்லிகிராம் காரத்தைத் தின்கிறது. நீரின் இருப்பு 20 மில்லிகிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஒன்பது நாளில் கல்லா காலி. வாரம் ஒருமுறை கால் பங்கு நீர் மாற்றினால் கொஞ்சம் திரும்பி வரும், கணக்கு நேராகாது. பிஹெச் 6.5-க்குக் கீழே இந்தக் கூட்டத்தின் வேலை தளரும், 6-ஐ நெருங்கும்போது பெரும்பாலும் நின்றேவிடும். ஃபில்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், குமிழும் வரும்.

பிறகு எப்படி நான்கு மாதம் மீன்கள் இருந்தன? அதே அமிலம்தான் காப்பாற்றியது. 28 டிகிரியில், பிஹெச் 8 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 6.5 சதவீதம் நச்சு வடிவில் இருக்கும். பிஹெச் 6-இல் அது 0.07 சதவீதம். தொண்ணூறு மடங்குக்குமேல் வேறுபாடு. என் தொட்டியில் அம்மோனியா சேர்ந்துகொண்டே போனது, நஞ்சாகாமல் அம்மோனியமாகக் கிடந்தது. பஞ்சு வேலை செய்ததால் மீன்கள் பிழைக்கவில்லை. பஞ்சை முடக்கிய அதே நிலைமைதான் அவற்றைப் பிழைக்கவும் வைத்தது. ஐந்தாம் மாதத்தில் பிஹெச் குறைவென்று யாரோ சொல்ல, இரண்டு டீஸ்பூன் சமையல் சோடாவை ஒரே தவணையில் கரைத்தேன். பிஹெச் 8-ஐத் தொட்டிருக்கும். சேர்ந்து கிடந்த அம்மோனியம் அன்றிரவே அம்மோனியாவானது.

ஆகவே "நான் பஞ்சு போட்டேன், மீன் சாகவில்லை" என்று இந்த ஊரில் ஒருவர் சொன்னால், நான் உட்பட, அது பஞ்சுக்குச் சான்றாகாது. வேறு ஊர்களில் எழுதப்பட்ட கையேடுகள் காரத்தன்மையைத் துணைக்குறிப்பாகச் சொல்லிக் கடப்பது அவர்கள் குழாயில் சுண்ணாம்பு ஓடுவதால். இங்கே அதுவே முதன்மைப் பாடம். நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அமிலத்திலும் குறைந்த அம்மோனியாவிலும் வாழப் பழகிய கூட்டங்கள் உண்டு, ஆர்க்கியா இனங்கள் சில அப்படிப்பட்டவை. அமில நீரிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடிய தொட்டி மெதுவாக, ஆனால் நிலையாக வேலை செய்யலாம். அந்தத் தொட்டியின் பஞ்சு எனக்கு நாகர்கோவில் பஞ்சைவிட உகந்ததாக இருந்திருக்கும்.

ஒப்பிடத் தக்க தரம் கேரளத்திலேயே உண்டு. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கென நைட்ரேட்டாக்கும் கூட்டங்களை வளர்த்து, பிடிமானப் பொருளில் பதித்து, முன்கூட்டியே செயலூட்டிய வடிகட்டிகளை உருவாக்கினார்கள். கருத்தளவில் இதுவும் பழைய பஞ்சைக் கொண்டுபோவதுதான். வேறுபாடு ஒழுங்கில் இருக்கிறது: உப்பு மிகுந்த நீருக்கு ஒரு கூட்டம், உப்பு குறைந்த நீருக்கு வேறொரு கூட்டம் என்று பிரித்து வளர்த்தார்கள். எந்த நீரில் வேலையோ அந்த நீருக்கான கூட்டம். அவர்களது நோக்கம் இறால் குஞ்சு, என் தொட்டி வீட்டு அலங்காரம். அந்தச் செலவையும் கருவிகளையும் இங்கே எதிர்பார்ப்பது அநியாயம். நீரைப் பொருத்திப் பார்க்கும் ஒழுங்குக்குச் செலவு கிடையாது என்பதால், அதை எதிர்பார்க்காமல் விடுவதும் சரியல்ல.

இனித் தீர்ப்பு. வெறுந்தொட்டியில் மீனை விட்டு அதன் உடம்பில் சோதிப்பதைவிடவும், பாட்டிலை நம்புவதைவிடவும் பஞ்சு மாற்றும் முறை மேலானது. கோட்பாட்டில் முழுமையானது, செலவில் எளியது. நாம் அதைக் கையாளும் விதம் தேறவில்லை. நேரத்தை மிச்சப்படுத்தும் குறுக்குவழியாக அதை எடுத்துக்கொண்டதால், மிச்சமான நாட்களை எண்ணினோம், நீரை அளக்கவில்லை. சரியான வடிவம் சற்றே மெதுவானது. அதே நீரில் ஓடும் தொட்டியில் புதுப் பஞ்சு ஒன்றை ஒரு மாதமாவது கூடவே ஓடவிட்டு, பிழியாமல் எடுத்து வருவது. மீன் வருவதற்கு முன்பே கிளிஞ்சலாலோ சமையல் சோடாவாலோ காரத்தை உயர்த்தி வைப்பது. ஒரு கிராம் சோடா 60 லிட்டரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் கூட்டும். பிறகு நவச்சாரச் சோதனை. சோதனையில் தேறாத பஞ்சை, எவ்வளவு பழையதானாலும், புதுப் பஞ்சாகவே கொள்ள வேண்டும்.

என் இரண்டாவது தொட்டியில் இப்போது இரண்டு பஞ்சுகள் ஓடுகின்றன. ஒன்று கொடுப்பதற்காக. கேட்டு வருபவரிடம் முதலில் அவர் வீட்டில் கிணற்று நீரா, குழாய் நீரா என்று கேட்கிறேன்.