வாங்கியும் சொந்தமில்லை

ஒரு படைப்பைப் பற்றி இருவர் வாதிட வேண்டுமானால், அப்படைப்பு இருவர் கைக்கும் எட்ட வேண்டும். திறனாய்வாளன் ஒரு பக்கத்தைச் சுட்டுகிறான். அவனை மறுப்பவன் அதே பக்கத்தைப் புரட்டிப் பார்த்து மறுக்கிறான். இந்த எளிய ஏற்பாட்டின் மீதுதான் திறனாய்வு நிற்கிறது. வீடியோ கேம் என்னும் இளைய கலைக்கு அந்த ஏற்பாடு மெல்ல மெல்ல மறுக்கப்பட்டு வருகிறது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது அதைத்தான்.

இதைக் கலை என்று சொன்னதும் முகம் சுளிப்போர் உண்டு. நாவலும் திரைப்படமும் பிறந்த காலத்தில் அவற்றுக்கும் இதே வரவேற்புத்தான் கிடைத்தது என்பதை நாம் நினைவுகூர்தல் நலம்.

1972இல் அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் நிறுவனம் 'ஒடிஸி' என்ற கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. ரால்ஃப் பேர் என்ற பொறியாளரின் சிந்தனையில் உருவான அக்கருவிக்கு ஒலியே கிடையாது. திரையில் சில ஒளிப்புள்ளிகள் நகரும். பந்தாட்டக் களமும் பிறவும் வரையப்பட்ட நெகிழித் தாளைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முகத்தில் ஒட்டிக்கொண்டு ஆட வேண்டும். 1976இல் ஃபேர்சைல்ட் நிறுவனம் வெளியிட்ட கருவியோடு ஒரு பெரும் மாற்றம் வந்தது. ஜெர்ரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளரின் தலைமையில் உருவான அதில், விளையாட்டு கருவியிலிருந்து பிரிந்து, தனிப் பெட்டிக்குள் அடங்கிய ஒரு சில்லில் குடியேறிற்று. மறு ஆண்டு அடாரி வெளியிட்ட கருவி அம்முறையை வீடுகள்தோறும் கொண்டு சேர்த்தது. நம் ஊர்களில் பின்னாளில் 'கேஸட்' என்றே வழங்கிய பொருள் இதுதான்.

ஒரு நூலுக்கு உள்ள பண்புகள் யாவும் இந்தக் கேஸட்டுக்கும் வாய்த்தன. வாங்கியவர் அதை இரவல் தரலாம். பழைய பொருளாக விற்கலாம். தம்பிக்கு விட்டுச் செல்லலாம். அதனால் விளைந்த நன்மைக்கு ஒரு சான்று காட்டுவோம். அக்காலத்தில் அடாரி நிறுவனம் விளையாட்டை உருவாக்கியவரின் பெயரை எங்கும் வெளியிடுவதில்லை. 'அட்வெஞ்சர்' என்ற விளையாட்டை உருவாக்கிய வாரன் ராபினெட், கண்ணுக்குப் புலப்படாத ஒரு புள்ளியைக் கண்டெடுத்துச் சுமந்து செல்பவருக்கு மட்டும் திறக்கும் ஓர் அறையை அதனுள் ஒளித்து, அங்கே தம் பெயரை எழுதி வைத்தார். நிறுவனத்துக்கு இச்செய்தி எட்டியபோது ராபினெட் விலகிவிட்டிருந்தார், கேஸட்டுகளோ விற்றுப்போயிருந்தன. வீடு வீடாகச் சென்று அவற்றைத் திரும்பப் பெற எவராலும் இயலாது. படைப்பாளியின் பெயர் பிழைத்தது, பொருள் வாங்கியவர் கையில் இருந்ததனால்.

நிறுவனமே கைவிட்டதுகூடப் பிழைத்திருக்கிறது. 1982இல் வெளிவந்த 'இ.டி.' என்ற விளையாட்டு பெருந்தோல்வி அடைந்தது. மறு ஆண்டு அடாரி தன்னிடம் தேங்கிய சரக்கை நியூ மெக்ஸிகோ மாநிலத்து அலமகோர்டோ நகரின் குப்பைமேட்டில் புதைத்தது. 2014இல் அதைத் தோண்டி எடுத்தபோது கிடைத்த கேஸட்டுகளில் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வீட்டுக்குள் வந்த பொருளின் மீது வீட்டுக்காரருக்கும் சில உரிமைகள் உண்டு என்ற கருத்தை அக்காலத்து நீதிமன்றமும் ஏற்றது. சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் வீடியோ பதிவுக் கருவியை எதிர்த்து யுனிவர்சல், டிஸ்னி ஆகிய பட நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்து பின்னொரு வேளையில் வீட்டில் பார்ப்பது குற்றமாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமும் நின்ற தீர்ப்பு அது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2014 ஆகஸ்டில் கொனாமி நிறுவனம் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கென 'பி.டி.' என்ற சிறிய விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. ஹிடேயோ கோஜிமா இயக்கிய அது, வரவிருந்த ஒரு பெரிய விளையாட்டுக்கு முன்னோட்டம். ஒரு வீட்டின் நடைவழி. அதன் முடிவில் ஒரு கதவு. கதவைத் திறந்தால் மீண்டும் அதே நடைவழி. ஒவ்வொரு சுற்றிலும் ஏதேனும் ஒன்று மாறியிருக்கும். பழகிய இடம் பகை இடமாவதை இத்துணைச் சிக்கனமாகக் காட்டிய படைப்புகள் எக்கலையிலும் குறைவு என்பது நம் கருத்து. அடுத்த ஆண்டு பெரிய விளையாட்டு கைவிடப்பட்டது, 'பி.டி.'யும் கடையிலிருந்து நீக்கப்பட்டது. தம் கருவியிலிருந்து அதை அழித்துவிட்டவர்கள் மீண்டும் பெற வழியில்லாது போயிற்று. பிறர் ஆடியதன் காணொளிப் பதிவுகள் உண்டு என்பர். ஆனால் அந்த நடைவழியின் அச்சம், அடுத்த அடியை நாமே எடுத்து வைக்க வேண்டும் என்பதில் அல்லவா இருக்கிறது? மேலே நாம் கூறிய கருத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பும் வாசகருக்கு நாம் எந்தப் பக்கத்தைச் சுட்டுவது?

இலவசமாகத் தந்ததைத் திரும்பப் பெற்றார்கள், அதற்கென்ன என்று கேட்கலாம். காசு கொடுத்து வாங்கியதும் அவ்வாறே போயிற்று. யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ', அமெரிக்க நாட்டையே சுருக்கி அமைத்த நிலப்பரப்பில் கார் ஓட்டிச் செல்லும் விளையாட்டு. தனியே ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்திருக்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. 2024 மார்ச் 31 அன்று அந்தச் சர்வர் நிறுத்தப்பட்டது. குறுந்தகட்டை அலமாரியில் வைத்திருந்தவரிடம் தகடு மட்டுமே எஞ்சியது. பின்னர் ஆர்வலர்கள் சிலர் தாமே ஒரு சர்வரை அமைத்து, கணினிப் பதிப்புக்கு உயிர் கொடுத்தனர். அவர்களுடைய உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் வாங்கிய பொருளை மீட்க வாங்கியவரே போராட வேண்டிய நிலை போற்றத்தக்கதன்று.

மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பதிவிறக்கக் கடைகள் வந்ததனால், ஆலையும் கிடங்கும் இல்லாத சிறு படைப்பாளிகளும் உலகெங்கும் தம் ஆக்கத்தை விற்க முடிகிறது. கேஸட்டும் அழியாப் பொருளன்று. ஆட்டத்தின் நிலையைச் சேமிக்க அதனுள் வைத்த மின்கலம் ஒரு நாள் தீர்ந்துபோகும். சர்வரை என்றென்றும் இயக்குமாறு எந்த நிறுவனத்தையும் கேட்பது நியாயமாகாது. இவை யாவும் உண்மையே. ஆனால் கடையை மூடுவது வேறு. விற்ற பொருளைச் செயலிழக்கச் செய்வது வேறு.

இழப்பின் அளவையும் காண்போம். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று, வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வில் தெரிவித்தது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே பயன்படத் தருவதற்கு விலக்குக் கோரப்பட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் இசைய மறுத்துவிட்டது. நிண்டெண்டோ 2025இல் வெளியிட்ட கருவிக்கு வரும் சில அட்டைகளில் திறவுகோல் மட்டுமே உண்டு. விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். பெட்டி கைக்கு வருகிறது, உள்ளடக்கம் வருவதில்லை.

விழிப்பும் தோன்றாமல் இல்லை. வழங்குவது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என இத்தகைய இணைய விற்பனையாளர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவில் விளையாட்டுகளைச் செயலிழக்கச் செய்வதற்கு எதிரான மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். கலிஃபோர்னியச் சட்டம் சொல்லைத் திருத்துகிறது, பொருளைக் காப்பதில்லை. ஆதலின் நாம் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஒரு விளையாட்டுக்கான சேவையை நிறுத்தும் நிறுவனம், அதைத் தனித்து இயங்கும் நிலையில் வாங்கியவரிடம் விட்டுச் செல்ல வேண்டும். விற்பனையில் இல்லாத விளையாட்டுகளைப் பாதுகாக்கவும் ஆய்வாளருக்குத் தரவும் நூலகங்களுக்கு உரிமை வேண்டும்.

ராபினெட்டின் அறையை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். சர்வரோடு இணைந்து மட்டுமே இயங்கும் விளையாட்டு ஒன்றில் அவர் அதை ஒளித்து வைத்திருந்தால், நிறுவனம் ஒரே நாளில் அதை நீக்கிவிட முடியும். அப்படி ஓர் அறை இருந்தது என்று சொல்பவரின் சொல்லை ஆடிப் பார்த்து உறுதி செய்ய, அதன்பின் ஒருவருக்கும் வழி இராது.