தி பவர் ஆஃப் லவ்: ஒரு தலைப்பு, மூன்று பாடல்கள்

'தி பவர் ஆஃப் லவ்' என்ற தலைப்பில் 1984, 1985 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று வெவ்வேறு ஆங்கிலப் பாப் பாடல்கள் வெளிவந்தன. பிரிட்டனின் பிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழு, ஜெர்மனியில் இசைப்பதிவு செய்துவந்த அமெரிக்கப் பாடகி ஜெனிபர் ரஷ், அமெரிக்காவின் ஹியூய் லூயிஸ் அண்ட் த நியூஸ் குழு ஆகியோர் இவற்றைப் பாடினர். மெட்டிலோ சொற்களிலோ இம்மூன்றுக்கும் உறவில்லை. ஆயினும் மூன்றும் பெருவெற்றி பெற்றன. முதல் இரண்டும் பிரிட்டனிலும் மூன்றாவது அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தன.

குறுந்தலைப்புகளுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆகவே ஒரே தலைப்பை எத்தனை பேரும் வைத்துக்கொள்ளலாம். 'லவ்', 'பவர்' இரண்டும் பாப் பாடல்களில் தேய்ந்துபோன சொற்கள். அந்தத் தேய்ந்த சொற்களுக்கு இசை எவ்வாறு பொருள் ஊட்டுகிறது என்பதை இம்மூன்று பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்பவர் தெளிவாக உணரலாம்.

காக்கும் வல்லமை

லிவர்பூலைச் சேர்ந்த பிராங்கி குழுவின் முதல் பாடல் 'ரிலாக்ஸ்' பாலுறவைப் பற்றியது. 1984இல் பிபிசி அதை ஒலிபரப்பத் தடை விதித்தது. இரண்டாவதான 'டூ டிரைப்ஸ்' வல்லரசுகளின் போரைப் பற்றியது. மூன்றாவதாக வந்த 'தி பவர் ஆஃப் லவ்' 1984 டிசம்பரில் முதலிடம் பெற்றது. முதல் இரண்டும் தாளத்தால் தாக்கியவை. இதுவோ பியானோவும் ஆன் டட்லி அமைத்த நரம்பிசையும் சூழ மெதுவாக நகர்கிறது. தயாரிப்பாளர் டிரெவர் ஹார்ன் ஹாலி ஜான்சனின் குரலைச் சுற்றிப் பெரும் வெளியை விட்டுவைக்கிறார்.

பாடலின் சொற்களில் இரத்தக்காட்டேரிகளும் கார்ட்டூன் வில்லனும் வருகிறார்கள். படிக்கும்போது விளையாட்டாகத் தோன்றும் இவை, இசையோடு கேட்கும்போது குழந்தையின் இரவு நேரப் பயங்களாக மாறுகின்றன. அப்பயங்களிலிருந்து காக்கும் ஆற்றலாகவே அன்பு இங்கு வருகிறது. பாடலில் கிறிஸ்துமஸ் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் காட்லி, கிரீம் இருவரும் இயக்கிய காணொளி இயேசு பிறப்பைக் காட்டியது. அதன்பின் பிரிட்டனில் இது கிறிஸ்துமஸ் காலப் பாடலாகிவிட்டது. காணொளியின் தூண்டுதலை அப்பாடல் தாங்கி நின்றதற்குக் காரணம், அதன் இசையில் முன்பே ஒரு வேண்டுதலின் தொனி இருந்ததே.

ஆட்கொள்ளும் வல்லமை

ஜெனிபர் ரஷ்ஷின் பாடல் 1985 அக்டோபரில் பிரிட்டனில் முதலிடம் பெற்று ஐந்து வாரம் நீடித்தது. அவ்வாண்டு அங்கு மிக அதிகம் விற்ற பாடல் அதுவே. அங்கே ஒரு தனிப் பாடலைப் பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் பாடகியும் ஜெனிபர் ரஷ்தான். அமெரிக்காவில் அதே பாடல் 57ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

ரஷ்ஷின் குரல் கனமானது. சரணங்களில் தாழ்ந்த தொனியில், ஏறக்குறையத் தனக்குள் பேசுவதுபோலத் தொடங்கிப் பல்லவியில் உயர்கிறார். அந்த ஏற்றத்தில் மகிழ்ச்சியைவிடத் தயக்கம் மிகுதி. தன்னை இழக்கப்போவதை அறிந்த ஒருத்தியின் அச்சம் அதில் இருக்கிறது. வல்லமை இங்கு காதலியின் கையில் இல்லை, அவளை ஆட்கொள்கிறது.

இதே பாடலைக் கனடியப் பாடகி செலீன் டியான், டேவிட் பாஸ்டரின் தயாரிப்பில் 1993இல் பாடி வெளியிட்டார். 1994இல் அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. டியானின் குரல் எந்த உச்சத்தையும் எளிதாகத் தொடுகிறது. அந்த எளிமையே இப்பதிவின் குறை. பாடுபவருக்கு எதுவும் கடினமாக இல்லாதபோது பாடலின் அச்சம் மறைந்து குரலின் வல்லமை மட்டும் எஞ்சுகிறது. சொல்லும் மெட்டும் மாறாமலே பொருள் மாறிவிடுகிறது.

உந்தும் வல்லமை

ஹியூய் லூயிஸ் குழுவின் பாடல் 1985இல் வெளிவந்த 'பேக் டு த பியூச்சர்' படத்துக்காக உருவானது. அமெரிக்காவில் அக்குழுவின் முதல் முதலிடப் பாடல் இது. சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. சின்தசைசர் முழக்கத்துடன் தொடங்கும் இதில் உருக்கத்துக்கு இடமில்லை. காதலைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்பதைத் தெருவோரப் பேச்சின் கிண்டலோடு சொல்கிறது. நாயகன் சறுக்குப் பலகையில் வண்டிகளைப் பிடித்தபடி பள்ளிக்கு விரையும் காட்சியில் ஒலிக்கும்போது, காதல் என்பதே இளமையின் வேகம் என்றாகிறது. அதே படத்தில் நாயகனின் குழு இம்மெட்டை வாசித்துக் காட்ட, சத்தம் அதிகம் என்று நிராகரிக்கும் நடுவராக லூயிஸே நடித்திருப்பது பாடலின் மனநிலைக்குப் பொருத்தமான நகைச்சுவை.

மதிப்பீடு

இத்தலைப்பைத் தமிழாக்க முயன்றால் வேறுபாடு துலங்கும். ரஷ்ஷின் பாடலுக்குக் 'காதல்' என்ற சொல் பொருந்தும். பிராங்கியின் பாடலுக்கு 'அன்பு' வேண்டும். 'அருள்' என்றாலும் தகும். லூயிஸின் பாடலில் அழுத்தம் 'லவ்' மீது இல்லை, 'பவர்' மீதே விழுகிறது; அதற்கு 'வேகம்' என்பதே நெருக்கமான சொல்.

மூன்றில் தலைப்பை முழுமையாக ஈட்டிக்கொண்டது ரஷ்ஷின் பாடலே. லூயிஸின் பாடல் வேறு தலைப்பிலும் இதே துள்ளலுடன் இருந்திருக்கும். பிராங்கியின் பாடல் தன் பொருளில் ஒரு பகுதியைக் காணொளியிடம் பெற்றது. ரஷ் மட்டுமே, வல்லமை என்பது அதற்கு ஆட்படுபவருக்கு எப்படியிருக்கும் என்பதைக் குரலால் மட்டும் உணர்த்தினார்.