பக்கம் புரட்டிய கை

டெரன்ஸ் மாலிக் இயக்கி 2011இல் வெளிவந்த 'தி ட்ரீ ஆஃப் லைஃப்' படத்தில், நடு மகன் 19 வயதில் இறந்துவிட்டான் என்ற செய்தி தாய்க்குத் தந்தியிலும் தந்தைக்குத் தொலைபேசியிலும் வந்துசேர்கிறது. தந்தை ஓ'பிரையன் அப்போது விமானங்கள் நிற்கும் இடத்தில் இருக்கிறார். எந்திர இரைச்சலில் பேச்சு ஒன்றும் நம் காதில் விழுவதில்லை. அதற்குப் பிறகு அவர் வாய்திறந்து வருந்துவது மிகச் சிறிய ஒன்றைப் பற்றி. பியானோ முன்னால் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன், இசைத்தாளைப் புரட்டிய விதத்தைத் தான் குறை சொன்னதாகச் சொல்கிறார். அவனைக் கூசவைத்தேன், அந்தக் கூச்சம் உண்மையில் என்னுடையது என்கிறார். பையன்கள் மீது கை வைத்தவர் அவர். சாப்பாட்டு மேசையில் பாய்ந்து இழுத்தவர். அந்தப் பெரிய குற்றங்களையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு தாளைப் புரட்டிய விரல்களைக் கடிந்துகொண்டது மட்டும் அவர் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. இழப்புக்குப் பின் நினைவு இப்படித்தான் வேலைசெய்யும் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. இந்தப் படத்தின் கலை முழுவதும் இந்த ஒரு நுட்பத்தின் விரிவு என்றே நினைக்கிறேன்.

புறநகர் வீட்டில் வாழும் கண்டிப்பான தந்தையைப் பற்றி நாவலும் சினிமாவும் ஏராளமாகச் சொல்லியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் இடறுகின்றன. கதை என்று ஆரம்பித்துவிட்டால் காரணமும் விளைவும் வேண்டும். அடித்தார், ஆகவே மகன் கெட்டான். அல்லது அடித்தார், ஆனாலும் உள்ளே அன்பு இருந்தது. இரண்டுமே தீர்ப்புகள். கதையின் ஓட்டமே தீர்ப்பை நோக்கி இழுத்துக்கொண்டு போகும். மாலிக் கதையோட்டத்தை உடைத்ததற்கு அழகியல் பகட்டு காரணம் என்று பலர் சொன்னார்கள். நான் அதை நியாய உணர்வு என்பேன். காட்சிகள் ஒன்றுக்கொன்று காரணமாகாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, பிறந்த குழந்தையின் பாதத்தை இரு உள்ளங்கைகளுக்குள் ஏந்திய கையும், அதே பிள்ளையின் பிடரியை வளர்ந்தபின் இறுக்கிப் பிடித்த கையும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. எது உண்மையான தந்தை என்று கேட்க நமக்கு இடமில்லை. இரண்டுமே அவர்தான்.

களம், 1950களின் டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ. மாலிக் வளர்ந்த ஊர்களில் ஒன்று. அவருடைய தம்பி ஒருவர் ஸ்பெயினுக்குப் போய்க் கிட்டார் பயின்றவர், 1968இல் இளவயதிலேயே இறந்துபோனவர். படத்தில் இறக்கும் நடு மகனும் கிட்டார் வாசிக்கிறான். இதற்கு மேல் சொந்த வாழ்க்கையைத் தேடிப்போக வேண்டிய அவசியமில்லை. மாலிக்கும் அதைப் பற்றிப் பேசுபவர் அல்லர். படமாக்கிய இடம் அதே மாநிலத்தில் உள்ள ஸ்மித்வில் என்ற சிற்றூர். கலை இயக்குநர் ஜாக் ஃபிஸ்க், சூரியன் நகரும் திசைக்கு ஏற்ப மாறி மாறிப் படமெடுக்க வசதியாக, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளை ஒரே குடும்பத்தின் வீடாக அமைத்துக் கொடுத்தார். ஒளிப்பதிவாளர் இம்மானுவேல் லுபெஸ்கி கூடுமானவரை செயற்கை விளக்கு போடாமல், ஜன்னல் வழியே வரும் வெயிலையே நம்பி எடுத்தார். அகன்ற லென்ஸ் பொருத்திய கேமரா பிள்ளைகளின் உயரத்தில், அவர்களுடைய வேகத்தில் ஓடுகிறது. இந்தத் தொழில்நுட்ப முடிவுகளின் பலன் தந்தையின் மீதுதான் விழுகிறது. பிள்ளையின் உயரத்திலிருந்து பார்க்கும்போது அப்பா முதலில் இடுப்பு வார், பிறகு சட்டைக் கை, பிறகு தாடை. முகம் கடைசியில்தான் வரும். பிராட் பிட் தாடையை முன்னால் தள்ளி நடித்த அந்த நடிப்பு இந்தக் கோணத்தில்தான் முழு எடை பெறுகிறது.

மூன்று பையன்களாக நடித்தவர்களும் அதுவரை சினிமாவில் நடித்திராதவர்கள். முழுத் திரைக்கதை அவர்கள் கையில் கொடுக்கப்படவில்லை. மற்றவர்களுக்குச் சொல்லாமல் ஒருவரைத் திடீரென்று காட்சிக்குள் அனுப்பி, அங்கே என்ன நேர்கிறதோ அதைப் பிடிப்பது மாலிக்கின் வழக்கம். அதனால் அப்பா அறைக்குள் நுழையும்போது பையன்களின் தோள்கள் இறுகுவதில் ஒத்திகையின் சாயல் துளியும் இல்லை. அந்த இறுக்கம் உண்மையாக இருப்பதால்தான், அவர் வேலை நிமித்தம் வெளிநாடு போகும் பகுதி நம்மை அப்படிக் குதூகலப்படுத்துகிறது. பையன்கள் வீட்டுக்குள் ஓடுகிறார்கள், அம்மாவைப் பல்லியைக் காட்டித் துரத்துகிறார்கள், கதவுகள் படார் படாரென்று அடிக்கின்றன. அப்பா ஊரில் இருந்தபோது, கொசுவலைக் கதவை அறைந்து சாத்தியதற்காக மூத்தவன் ஜாக் அதைச் சத்தமில்லாமல் சாத்திச் சாத்திப் பழக வேண்டியிருந்தது. அதே கதவு, அதே கீல். ஒருவர் வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஒரு கதவின் ஓசையிலேயே தெரிந்துவிடுகிறது. வசனத்தில் சொல்லியிருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

புல்தரையையும் இப்படியே கவனிக்கலாம். ஜாக் தளர்நடை போடும் வயதில், தங்கள் நிலமும் அடுத்த வீட்டு நிலமும் சந்திக்கும் இடத்தில் அப்பா ஒரு கோட்டைக் காட்டுகிறார். நடுவில் வேலி கிடையாது, கோடும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைத் தாண்டக் கூடாது என்று மென்மையாகவே சொல்கிறார். பின்னால் பெரியவனானதும், வழுக்கை விழுந்த புல்லைச் சரிசெய்யச் சொல்லி அவனை வேலை வாங்குகிறார். போருக்குப் பிந்தைய அமெரிக்கப் புறநகரில் சுற்றுச்சுவர் இல்லாத முன்புறப் புல்தரைதான் ஒரு குடும்பத்தின் மானம். கடனில் வாங்கிய வீட்டுக்காரர் தன் உழைப்பையும் ஒழுங்கையும் தெருவுக்குக் காட்டும் இடம் அது. ஓ'பிரையன் ஆலைப் பொறியாளர். கையில் காப்புரிமைகள் நிறைய இருந்தும் செல்வம் சேராதவர். இசைக்கலைஞனாக ஆசைப்பட்டு, வழிதவறி, தேவாலயத்தில் ஆர்கனில் பாஹ் வாசிப்பதோடு நின்றுவிட்டவர். உலகம் தந்திரத்தால் இயங்குகிறது, அதிகம் நல்லவனாக இருந்தால் முன்னுக்கு வர முடியாது என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறார். அந்தப் போதனையில் இருப்பது கொடூரம் என்பதைவிடப் பயம் என்பதே பொருந்தும். தனக்கு நேர்ந்தது பிள்ளைகளுக்கு நேரக் கூடாதே என்ற பயம். இதைப் படம் விளக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கோட்டையும் வழுக்கைப் புல்லையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

படத்தின் ஆகச் சிறந்த குடும்பக் காட்சியில் பேச்சே இல்லை. அப்பா வீட்டுக்குள் பியானோவில் கூப்பரானின் இசையை வாசிக்கிறார். வெளியே வராந்தாவில் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கும் நடு மகன் அதைக் காதில் வாங்கி, மெல்லத் தன் தந்திகளில் சேர்ந்துகொள்கிறான். நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. தந்தையும் மகனும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மூன்றாவதாக ஒருவன் இருவரையும் பார்க்கிறான், அவன் ஜாக். அப்பாவின் ஆசை தம்பிக்குப் போய்ச்சேர்ந்துவிட்டது, அப்பாவின் குணம் மட்டும் தனக்கு வந்திருக்கிறது என்பதை அந்தப் பையன் அங்கே உணர்கிறான். பின்னால் அப்பாவிடமே, நான் அம்மாவைவிட உங்களைப் போலத்தான் இருக்கிறேன் என்று அவன் ஒப்புக்கொள்ளும்போது, அதற்கான சாட்சியம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தொடக்கத்தில் கேட்ட, தாள் புரட்டியதைக் கடிந்துகொண்ட துயரமும் இந்த வராந்தாவில் வேறொரு பொருள் கொள்கிறது. தாளோ கண்டிப்போ குறுக்கே வராதபோது இருவரும் எவ்வளவு இயல்பாகச் சேர்ந்து வாசிக்கக்கூடியவர்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

இந்த வீட்டுக்குள் விசுவாசம் எப்படி வருகிறது? படம் யோபு புத்தகத்தின் கேள்வியோடு திறக்கிறது. நான் பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று கடவுள் யோபுவைக் கேட்கும் இடம் அது. நீச்சல் குளத்தில் ஒரு சிறுவன் மூழ்கி இறந்த பிறகு ஜாக் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கடவுளிடமே வைக்கிறான். நீர் எங்கே இருந்தீர்? நீரே நல்லவராக இல்லாதபோது நான் ஏன் நல்லவனாக இருக்க வேண்டும்? முணுமுணுப்பாகக் கேட்கும் இந்தச் சொற்கள் யாரை நோக்கியவை என்பதைப் படம் வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கிறது. அடுத்த காட்சியில் அப்பா நின்றால், கேள்வி அவர் மீதும் பாய்கிறது. 'சார்' என்று அழைக்கச் சொல்லும் அப்பாவும், விளக்கம் தராத கடவுளும் ஒரே சிறுவனின் மனத்தில் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். விசுவாசம் குடும்பத்தில்தான் முதலில் கற்றுக்கொள்ளப்படுகிறது, அங்கேதான் முதலில் உடைகிறது என்ற உண்மையை ஒரு பிரசங்கமும் இல்லாமல் படத்தொகுப்பே சொல்லிவிடுகிறது.

இங்கேதான் முதல் பெரிய ஆட்சேபம். நட்சத்திரங்கள் பிறப்பதும் எரிமலை கக்குவதும் டைனோசர்கள் உலாவுவதுமாக நீளும் அந்தப் படைப்புக் காட்சி எதற்கு? கான் விழாவின் பத்திரிகையாளர் காட்சியில் கைதட்டலோடு கூச்சலும் சேர்ந்தே எழுந்தது. பிறகு அதே விழா இதற்குத் தங்கப்பனை விருதைக் கொடுத்தது. ஒரு குடும்பத்தின் துக்கத்துக்குப் பிரபஞ்சத்தைத் துணைக்கு இழுப்பது அகந்தை என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தக் காட்சி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மகனை இழந்த தாய் ஏன் என்று கேட்ட உடனே வருகிறது. யோபுவுக்கும் கிடைத்தது இதே பதில்தான்: காரணம் சொல்லப்படவில்லை, படைப்பு காட்டப்பட்டது. அது செய்யப்பட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்கு உழைத்த டக்ளஸ் ட்ரம்புல்லின் துணையோடு, கணினியை மட்டும் நம்பாமல், சாயங்களையும் ரசாயனங்களையும் புகையையும் நீர்த்தொட்டிகளில் கலக்கவிட்டு அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். அந்த நீரும் ஒளியும், பின்னால் தோட்டக் குழாயிலிருந்து பீறிடும் நீராகவும், கொசுமருந்து வண்டி கக்கும் டி.டி.டி. புகைக்குள் பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடும் மாலையாகவும் திரும்பி வருகின்றன. பால்வெளிக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொல்லைப்புறத்துக்கும் கொடுப்பதுதான் இந்தப் படத்தின் பக்தி. முதலாவதை வெட்டினால் இரண்டாவது வெறும் ஏக்கப் படமாகச் சுருங்கிவிடும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு. அடிக்கும் அப்பாவை இவ்வளவு அழகான வெளிச்சத்தில் காட்டினால் அடியும் அழகாகிவிடாதா? தீர்ப்புச் சொல்லாமல் விடுவது அடித்தவருக்குச் சாதகமாகத்தானே முடியும்? இந்தக் கேள்வியை மதிக்கிறேன். ஆனால் படம் விளைவுகளை ஒளிக்கவில்லை. அப்பாவைக் கொன்றுவிடும்படி ஜாக் கடவுளிடம் வேண்டுகிறான். ஜாக்கி கொடுத்துத் தூக்கிய காரின் அடியில் அப்பா படுத்திருக்கும்போது, அந்த ஜாக்கியை அவன் பார்க்கும் பார்வையில் நமக்கு முதுகு சில்லிடுகிறது. தன்னை நம்பிய தம்பியைக் காற்றுத் துப்பாக்கியின் வாயில் விரலை வைக்கச் சொல்லிச் சுடுகிறான். கொடுமை தந்தையிடமிருந்து மகனுக்கு எப்படி இறங்குகிறது என்று இதைவிட நேராகக் காட்ட முடியாது. பிறகு அதே ஜாக், வேண்டுமானால் என்னை அடி என்று ஒரு கட்டையைத் தம்பியிடம் நீட்டுகிறான். தம்பி அடிப்பதில்லை. இந்தக் குடும்பத்தில் மன்னிப்பு முதலில் பிறப்பது அங்கேதான், அதுவும் பாதிக்கப்பட்டவன் தானாக முன்வந்து கொடுத்தது. ஆலை மூடப்பட்ட பிறகு, சுற்றிலும் இருந்த மகிமையைக் கவனிக்காமல் வாழ்ந்துவிட்டேன் என்று அப்பா உடைவதும், நீங்கள்தான் எனக்கு இருப்பது என்று மகனிடம் சொல்வதும் அதற்கு அப்புறம்தான். அவர் மன்னிப்பைச் சம்பாதித்துவிட்டதாகப் படம் எங்கும் சொல்லவில்லை. தாமதமாக வந்தார் என்பதை மட்டும் பதிவுசெய்கிறது.

குறை இல்லாத படமல்ல இது. ஜெசிக்கா சாஸ்டெய்ன் எவ்வளவு நுட்பமாக நடித்தாலும், தாய் பெரும்பாலும் அருளின் உருவமாகவே நிற்கிறாள். தந்தைக்குக் கிடைத்த முரண்கள் அவளுக்குக் கிடைக்கவில்லை. பிள்ளையின் நினைவில் அம்மா அப்படித்தான் இருப்பாள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அப்பாவை இத்தனை முழுமையாக நினைவுகூர முடிந்த மனத்தால் அம்மாவை ஏன் முடியவில்லை என்ற கேள்வி மிஞ்சுகிறது. நடுவயது ஜாக்காக வரும் ஷான் பென், திரைக்கதையில் தான் படித்த உணர்ச்சியைத் திரையில் காணவில்லை, இன்னும் தெளிவான கதையோட்டம் உதவியிருக்கும் என்று வெளிப்படையாகவே சொன்னார். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே அவர் அலையும் பகுதிகளைப் பொறுத்தவரை அவர் பக்கம்தான் நியாயம். வேக்கோ வீட்டுக்கு அந்த வாதம் பொருந்தாது.

2018இல் சுமார் 50 நிமிடம் கூடுதலான, 188 நிமிட வடிவம் ஒன்று வந்தது. மாலிக்கே மேற்பார்வையிட்டது. குடும்பத்தைப் பற்றிய தகவல்கள் அதில் அதிகம், தாய்க்கும் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைத்திருக்கிறது, ரசிகர்கள் பலர் அதையே விரும்புகிறார்கள். ஆனால் நிகழ்ச்சிகள் கூடக் கூட அவை தொடர்கதையாகக் கோத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. ஜாக் ஏன் அப்படி ஆனான் என்பதற்குக் காரணங்கள் முளைக்கின்றன, தந்தை மீண்டும் ஒரு வழக்கில் நிறுத்தப்படுகிறார். இந்தப் படத்தை முதன்முதலாகப் பார்க்கப்போகிறவர்களுக்கு 139 நிமிட வடிவத்தையே சிபாரிசு செய்வேன்.