பில் இல்லாத கதைகள்

வயது வந்த பிறகு தனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகத் தெரிந்துகொண்டவர்கள் எழுதுவதைக் கொஞ்ச காலமாகத் தேடித் தேடி வாசிக்கிறேன். ஆங்கிலத்தில் மலைபோல் குவிந்திருக்கிறது. தமிழில் முகநூல் குறிப்புகளாகவும் நேர்காணல்களாகவும் வரத் தொடங்கியிருக்கிறது. பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். முதலில் தொலைந்த சாவிகள், பாதியில் நின்ற படிப்பு, கடைசி நிமிடத்தில் முடித்த வேலைகள். பிறகு ஒரு மருத்துவர், ஒரு கேள்வித்தாள். அப்புறம் அழுகை: "ஓ, அதனாலதானா!" பழைய வாழ்க்கை மொத்தமும் புது வெளிச்சத்தில் அடுக்கிவைக்கப்படுகிறது. முற்றும்.

எனக்கும் 33 வயதில் அந்தப் பெயர் கிடைத்தது. "ஓ, அதனாலதானா" எனக்கும் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அது கௌண்டரில் பில் வரும்வரைதான் தாங்கியது. கதை அங்கேதான் ஆரம்பித்தது. நான் வாசித்த கட்டுரைகள் அங்கேதான் முடிந்துபோயிருந்தன.

இந்த வார்ப்பு எங்கிருந்து வந்தது? 1994-இல் எட்வர்ட் ஹாலோவெல், ஜான் ரேட்டி இருவரும் எழுதிய 'டிரிவன் டு டிஸ்ட்ராக்‌ஷன்' இதற்குப் பெரிய காரணம். 1999-இல் காபோர் மாட்டேயின் 'ஸ்கேட்டர்டு மைண்ட்ஸ்' வந்தது. ஹாலோவெல் மனநல மருத்துவர். பயிற்சிக் காலத்தில் ஒரு விரிவுரையைக் கேட்டுத் தன்னையே அடையாளம் கண்டுகொண்டவர். மாட்டேயும் மருத்துவர், ஐம்பதைத் தாண்டியபின் தெரிந்துகொண்டவர். இரண்டுமே நல்ல புத்தகங்கள்தான். மாட்டேயிடம் குடும்பத்தைப் பற்றிய சில பக்கங்களை மூச்சு விடாமல் படித்தேன். ஆனால் இருவரும் கதவுக்கு உள்ளே நின்றவர்கள். உள்ளே போக என்ன விலை என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை. அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்ட நாமும் கேள்வியை விட்டுவிட்டோம்.

2024 மே மாதம், கேரளத்தின் கோதமங்கலத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஓர் இல்லத்தின் திறப்பு விழாவில், தனக்கு 41 வயதில் ஏ.டி.எச்.டி. கண்டறியப்பட்டதாக ஃபகத் ஃபாசில் சொன்னார். போகிறபோக்கில், அலட்டாமல் சொன்னார். அதற்குப் பிறகு நம் ஆட்கள் அவருடைய கண்ணையும் பரபரப்பையும் நோய்க்குறியாக வாசித்துப் போட்ட பதிவுகள் என் கண்ணிலேயே பத்துப் பன்னிரண்டு பட்டன. குறையைத் திறமைக்குக் காரணமாக்குவது நமக்குப் பிடித்த கதை. நடிகருக்கு அது பொருந்தலாம். பத்து காவான் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு பார்க்கிறவளுக்குக் கவனம் சிதறினால் கிடைப்பது வார்னிங் லெட்டர்.

சுங்கை பாக்காப் 2024 ஜூலை இடைத்தேர்தலின்போது கொஞ்ச நாள் செய்தியில் அடிபட்ட ஊர். இங்கே அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசாங்க வழியில் போனால் கிளினிக் கெசிஹாத்தானில் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. உலகத்தில் இதைவிட மலிவாக மனநல மருத்துவம் கிடைக்கும் இடங்கள் குறைவுதான். இதைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. ஆனால் கடிதம் வாங்க ஒருநாள், தேதி வாங்க ஒருநாள், தேதி வந்ததும் ஒருநாள். அந்தத் தேதி மாதக்கணக்கில் தள்ளி விழும். தேதியை மறப்பதுதான் என் நோயே. அதைக் குணப்படுத்த முதலில் தேதியை மறக்காமல் இருக்கவேண்டும்!

அதனால் தீவுக்குப் போனேன். இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர். மோட்டாருக்கு 2019-இலிருந்து டோல் இல்லை. இந்தக் கதையில் எனக்கு இலவசமாகக் கிடைத்தது அது ஒன்றுதான். தனியார் மருத்துவரிடம் மதிப்பீட்டுக்கான பணம் கே.டபிள்யூ.எஸ்.பி.யின் மூன்றாம் கணக்கிலிருந்து வந்தது. 2024 மே மாதம் திறந்துவிட்டார்களே, அதே கணக்கு. கிழவியானபின் சாப்பிட வைத்திருந்ததை எடுத்து, சின்னப் பிள்ளையில் எனக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொண்டேன்.

சின்னப் பிள்ளை என்று சும்மா சொல்லவில்லை. 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 விதிப்படி, அறிகுறிகள் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்கவேண்டும். பள்ளி ரிப்போர்ட் கார்டு, இல்லாவிட்டால் பெற்றவர்கள், சாட்சி சொல்லவேண்டும். மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டார், அம்மா தமிழில் சொன்னார், நடுவில் நான்.

"அவ ரொம்ப அமைதி டாக்டர். ஒரு சேட்டை பண்ணமாட்டா. கூப்பிட்டா காதுல விழாது, அவ்வளவுதான். மனசு ஒரு எடத்துல நிக்காது."

அம்மா எனக்கு நற்சான்று கொடுத்துக்கொண்டிருந்தார். மருத்துவர் அதையே அறிகுறியாக எழுதிக்கொண்டிருந்தார். ஆம்பளைப் பிள்ளை மேசைமேல் ஏறிக் குதித்தால் யாராவது கவனிப்பார்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கனவு காணும் பொம்பளைப் பிள்ளைக்கு 'அடக்கமான பிள்ளை' என்று பெயர். உலகம் முழுக்கப் பெண்களுக்கு இது தாமதமாகத் தெரியவருவதற்கு இதுவும் ஒரு காரணம். நம்மிடம் அந்தத் தாமதத்துக்குப் பாராட்டு வேறு கிடைக்கிறது.

மொழியும் சும்மா இருக்கவில்லை. மருத்துவத் தமிழில் இது 'கவனக்குறைபாடு'. பத்திரிகைத் தமிழில் லாரிக்காரர் 'கவனக்குறைவால்' விபத்து ஏற்படுத்துகிறார். இரண்டுக்கும் நடுவில் இரண்டெழுத்து இடைவெளி. அதற்குள் ஒருவர் நோயாளியா குற்றவாளியா என்பதை முடிவுசெய்துவிடுகிறோம். கலைச்சொல் செய்தவர்களுக்கு இது உறுத்தவில்லை போலும். அம்மா சொன்னதை நான் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியமாக்கியும் அந்த 'நிக்காது' வரவேயில்லை.

தமிழில் இதற்கு முன்னோடியே இல்லையா என்று தேடியபோது கோபிகிருஷ்ணனிடம் வந்து நின்றேன். 1945-இல் பிறந்து 2003-இல் இறந்தவர். உளவியல் படித்தவர், மனநல சமூகப் பணியாளராக வேலை பார்த்தவர். நான் வாசித்தவரை அவரிடம் ஏ.டி.எச்.டி. இல்லை. ஆனால் மனநலத்தோடு மாதச் சம்பளத்தையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதியவர் அவர். அவர் கதைசொல்லி மாத்திரை போடுகிறான். அதற்குப் பணம் வேண்டும், பணத்துக்கு வேலை வேண்டும், வேலையில் நிற்க மாத்திரை வேண்டும். இந்த வட்டத்தை அவர் சோகமாக்கவில்லை. அலுவலகக் குறிப்பு எழுதுவதுபோல் எழுதுகிறார். மூக்கால் அழும் தன்னிரக்கத்துக்கு நடுவே திடீரென்று ஒரு கேலி வந்து விழும். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நூலில் மனநோயாளிகளின் குரல்கள் அறிக்கைகள்போல வரிசையாக வருகின்றன. யாருடைய கதையும் பெரிய வெளிச்சத்தில் முடிவதில்லை. நோயின் பெயர் தெரிந்துவிட்டது என்பது அவருக்கு ஒரு தகவல், அவ்வளவுதான்.

எல்லாம் எனக்கு உவப்பானது என்றில்லை. அவர் கதைகளில் மனைவிமார்கள் வெளியிலிருந்தே பார்க்கப்படுகிறார்கள். கணக்கை உண்மையில் சமாளிக்கிற அந்தப் பெண் தன் கணக்கை ஒருமுறை சொல்லியிருந்தால் வேறொரு புத்தகம் கிடைத்திருக்கும். உரைநடையும் சில இடங்களில் உளவியல் பாடப்புத்தகமாகிவிடுகிறது. இருந்தும் இன்றைய நோயறிதல் கட்டுரைகளுக்குப் பக்கத்தில் வைத்தால் அவர்தான் நம்ம ஆள்.

எனக்குத் தந்த மருந்து மெத்தில்ஃபெனிடேட். 1944-இல் சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிட்சோன் உருவாக்கினார். மனைவி மார்கரிட்டின் செல்லப்பெயர் ரீட்டா, அதிலிருந்து 'ரிட்டாலின்'. சாதாரண மாத்திரை ஏறக்குறைய நான்கு மணிநேரம் வேலை செய்யும். நாள் முழுக்க நிற்பது வேறு வகை, விலையும் வேறு; அதன் ஒரு மாதச் செலவு என் மோட்டார் தவணையைவிட அதிகம். கட்டுப்பாட்டு மருந்து என்பதால் ஒரேயடியாக வாங்கி வைக்கவும் முடியாது. ஆக, என் கவனம் நான்கு மணிநேரப் பொட்டலங்களாக வருகிறது. அதை ஷிப்டுக்குக் கொடுப்பதா, வாசிப்புக்குக் கொடுப்பதா என்று தினமும் பிரிக்கவேண்டியிருக்கிறது. எந்த நினைவுக்குறிப்பிலும் இந்தப் பிரிவினையை நான் பார்க்கவில்லை. எழுதியவர்களுக்கு நாள் முழுக்க நிற்கும் மாத்திரை இருந்திருக்கலாம்.

தமிழில் இனி இதை எழுதப்போகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: பில்லையும் உள்ளே வையுங்கள். விலை, விடுப்பு, ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவர் இழந்த ஒருநாள் கூலி எல்லாவற்றையும். அதை வைத்தால் "ஓ, அதனாலதானா" சின்னதாகிவிடும் என்று பயப்படுகிறார்கள் போலிருக்கிறது. ஆகட்டுமே. அம்மா கிளினிக்கிலிருந்து வெளியே வந்ததும் கேட்டது, "இதுக்கு மருந்து இருக்கா? எவ்ளோவாம்?" அவருக்கு அது இரண்டு கேள்வியாகத் தெரியவில்லை.

இப்போது அரசாங்க ஆஸ்பத்திரித் தேதிக்குக் காத்திருக்கிறேன். அதுவரை கையிருப்பு நீடிக்கவேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஞாயிறுகளில் மாத்திரை போடுவதில்லை. இந்தக் கட்டுரையில் கோபிகிருஷ்ணன் பகுதி ஒரு புதன்கிழமை எழுதியது. மற்றதெல்லாம் ஞாயிறுகளில்.