சர்க்கரைக் கட்டியிலிருந்து தொடங்கலாம்

தெஹ்ரானில் ஏழைகள் குடியிருக்கும் பகுதி. ஒற்றை அறை வீடு. தரையில் குவிந்து கிடக்கும் சர்க்கரைக் கட்டிகளை அப்பா சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துக்கொண்டிருக்கிறார். மசூதிக்கான சர்க்கரை அது. மகள் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள். அப்பா சர்க்கரை கேட்கிறார். இவ்வளவு கிடக்கிறதே என்று அவள் குவியலைக் காட்டுகிறாள். இது நம்முடையது இல்லை, நம் வீட்டுச் சர்க்கரையை எடுத்து வா என்கிறார் அவர்.

மஜீத் மஜீதியின் ‘சில்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) படத்தில் வரும் காட்சி இது. அண்ணன் தொலைத்த ஒரு ஜோடி ஷூவைப் பற்றிய படம் என்றுதான் எல்லோருக்கும் நினைவு. தமிழில் சாமி இயக்கிய ‘அக்கா குருவி’ (2022) இதன் மறு ஆக்கம்தான். ஆனால் சர்க்கரைக் காட்சி மனதில் தங்காமல் ஷூவின் அருமை முழுதாகப் புரியாது. அடுத்தவர் பொருளில் ஒரு துண்டுகூட எடுக்காத வீட்டில், ஒரு பையன் புது ஷூ எப்படிக் கேட்பான்?

நம் ஊரில் குழந்தைகளை வைத்து எளிமையாக ஒரு படம் வந்தால், தியேட்டர் வாசலிலேயே ‘இரானியப் படம் மாதிரி இருக்கு’ என்று சொல்லிவிடுகிறோம். பாராட்டாகத்தான் சொல்கிறோம். ஆனால் குழந்தைகள், மெதுவான நடை, கொஞ்சம் கண்ணீர் என்று ஒரு வகைப் படத்துக்கு முழு நாட்டின் பெயரையும் சூட்டிவிடுகிறோம். இரானிலும் பேச்சுவழக்கில் ‘ஃபில்மே ஹெந்தி’ என்று ஒரு சொல் இருக்கிறது. இந்தியப் படம் என்று பொருள். நம்ப முடியாத திருப்பம், அளவு மீறிய அழுகை எதைக் கண்டாலும் அப்படிச் சொல்வார்கள். ‘ஷோலே’யைக் கொண்டாடிய நாடு அது! அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குச் சுருக்கென்கிறது அல்லவா? அந்த உணர்வோடு இரானியப் படம் பார்க்க உட்காருங்கள்.

ஏன் இத்தனை குழந்தைகள்? தணிக்கைக்குப் பயந்து பெரியவர்கள் கதையைக் குழந்தைகள் வழியே சொன்னார்கள் என்பது ரசிகர்கள் அடிக்கடி சொல்லும் காரணம். பாதி உண்மை. 1979 புரட்சிக்கு முன்பே, 1965-இல், குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்கென்று ‘கானூன்’ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. நூலகங்கள், புத்தகங்கள், பிறகு படங்கள். அதன் திரைப்படப் பிரிவை உருவாக்கியவர்களில் ஒருவர் அப்பாஸ் கியரோஸ்தமி. 1970-இல் அவர் அங்கே எடுத்த முதல் குறும்படம், ரொட்டியோடு வீடு திரும்பும் பையனைச் சந்தில் ஒரு நாய் மறிக்கும் கதை. மஜீதியின் ஷூ படமும் கானூன் தயாரிப்புதான். தடையோடு சேர்த்து, குழந்தைகளுக்காகவே பணமும் இடமும் ஒதுக்கிய ஒரு நிறுவனமும் இந்தப் படங்களுக்குப் பின்னால் நிற்கிறது.

அடுத்து, ‘மெதுவான படம்’ என்ற பேச்சு. இதில் எனக்கு உடன்பாடே கிடையாது. கியரோஸ்தமியின் ‘வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்’ (1987) படத்தை ஒரு துப்பறியும் கதையாகப் பார்த்துப் பாருங்கள். நண்பனின் நோட்டுப் புத்தகம் தவறுதலாகச் சிறுவன் அகமதின் பையில் வந்துவிட்டது. நாளைக்கு நோட்டில் வீட்டுப்பாடம் இல்லையென்றால் அந்த நண்பனைப் பள்ளியைவிட்டே விரட்டிவிடுவேன் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். நண்பன் இருப்பது பக்கத்துக் கிராமம், வீடு தெரியாது. கொடியில் தொங்கும் ஒரு கால்சட்டை அவனுடையது மாதிரியே இருக்கிறது. அதே குடும்பப் பெயரில் வேறொருவர் வருகிறார். ஒவ்வொன்றும் தடயம், ஒவ்வொன்றும் ஏமாற்றம். இருட்டிக்கொண்டு வருகிறது. மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் அவன் மூச்சிரைக்க ஓடும்போது எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். ‘சில்ரன் ஆஃப் ஹெவன்’ படத்திலும் ஓர் ஓட்டப்பந்தயம் உண்டு. பரிசுக்குரிய ஷூ மூன்றாம் இடத்துக்குத்தான். முதலாவது வரவும் கூடாது, நான்காவது வரவும் கூடாது. இதைவிட இறுக்கமான கிளைமாக்ஸ் எத்தனை சண்டைப் படத்தில் இருக்கிறது?

அதே ஷூ படத்தில் அப்பாவும் மகனும் தோட்ட வேலை தேடி மிதிவண்டியில் நகரின் வடக்கே, பணக்காரர்கள் பக்கம் போவார்கள். பெரிய கேட்டுகள். மணியை அழுத்தினால் ஆள் வரமாட்டார், சுவரிலுள்ள கருவியிலிருந்து குரல் மட்டும் வரும். அதைக் கேட்டதும் அப்பாவுக்கு வாய் குழறிவிடும். வீட்டில் அவ்வளவு அதட்டுகிறவர்! கடைசியில் சின்னப் பையன்தான் முன்னே வந்து தெளிவாகப் பேசுவான். அப்போது அப்பாவின் முகத்தைக் கவனியுங்கள். பெருமையும் கூச்சமும் அதில் கலந்திருக்கும்.

இன்னொரு விஷயத்துக்குக் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். புரட்சிக்குப் பிந்தைய பெரும்பாலான படங்களில் பெண்கள் தம் வீட்டுக்குள்ளும் தலைத்துணியோடுதான் இருப்பார்கள். திரையில் கணவனும் மனைவியும் தொட்டுக்கொள்ள மாட்டார்கள். இது விதி. இந்த விதிக்குள் பாசத்தை எங்கே காட்டுவது என்று ஒவ்வொரு இயக்குநரும் தேடுகிறார். அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செப்பரேஷன்’ (2011) படத்தில் மனைவி பிரிந்துபோன கணவன், நினைவு தப்பிய தன் தகப்பனைக் குளிப்பாட்டுவான். முதுகு தேய்த்துக்கொண்டிருப்பவன் அப்படியே அந்த முதுகில் சாய்ந்து அழுவான். மனைவியிடம் அழ முடியாத அழுகையெல்லாம் அங்கே இறங்கும்.

இத்தனையும் பார்த்துவிட்டு இதுதான் இரானிய சினிமா என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1969-இல் ஒரே ஆண்டில் இரண்டு படங்கள் வந்தன. தாரியூஷ் மெஹ்ர்ஜூயியின் ‘பசு’, செத்துப்போன தன் பசுவாகவே தன்னை நினைத்துக்கொள்ளும் கிராமத்தானின் கதை. மசூத் கீமியாயியின் ‘கெய்ஸர்’, குடும்ப மானத்துக்காகக் கத்தி எடுக்கும் நாயகனின் கதை. கெய்ஸரை நம் ஊர் ரசிகர் எவரும் மொழி தெரியாமலேயே ரசிப்பார். 2004-இல் வந்த ‘மார்மூலக்’ ஒரு நகைச்சுவைப் படம். சிறைப்பட்ட திருடன் ஒருவன் மதகுருவின் அங்கியைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறான். கூட்டம் அலைமோதியது. சில வாரங்களில் தியேட்டர்களிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். விழாக்களில் பரிசு வாங்கும் படங்களோடு நின்றுவிட்டால், அந்த ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்த படம் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஷூ படத்தை வீட்டில் குழந்தைகளோடு சேர்ந்து பாருங்கள். நோட்டுப் புத்தகப் படத்தை ஒரு மாலையில், போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். ‘எ செப்பரேஷன்’ மூன்றாவதாக வரட்டும். முதல் காட்சியில் கணவனும் மனைவியும் நம்மைப் பார்த்தே வாதாடுவார்கள். நீதிபதியைக் காட்டமாட்டார்கள், அவருடைய நாற்காலியில் நாம்தான் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் முதியவர் தெருவுக்குப் போய்விடுவார், வேலைக்கு வந்த பெண் அவரைத் தேடி ஓடுவாள். அந்தக் காட்சி எங்கே வெட்டப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், படத்தின் முடிச்சு அந்த வெட்டில்தான் இருக்கிறது. முடிவில் நீதிமன்றத் தாழ்வாரம். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் கணவன், அந்தப் பக்கம் மனைவி, உள்ளே மகள். எழுத்துகள் ஓடத் தொடங்கும். ரிமோட்டை எடுக்காதீர்கள், அவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.