குச்சியும் பெட்டியும்

சிவகாசித் தீப்பெட்டியைப் பற்றிய ஒரு விஷயம் நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருப்பதாலேயே யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. குச்சியின் தலையில் இருக்கும் மருந்து எங்கே உரசினாலும் எரிந்துவிடாது. பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருக்கும் சிவப்புப் பாஸ்பரத்தில் உரசினால்தான் பற்றும். குச்சிக்குப் பெட்டி வேண்டும். பெட்டிக்குக் குச்சி வேண்டும். ஆனால் அந்தப் பெட்டி எந்த முதலாளியின் பெட்டியாக இருந்தாலும் சரிதான். சாத்தூரில் செய்த குச்சி சிவகாசிப் பெட்டியில் எரிகிறது. கோவில்பட்டிக் குச்சி சாத்தூர்ப் பெட்டியில் எரிகிறது. மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் கிளி இருக்கிறதா, மான் இருக்கிறதா என்று நெருப்பு பார்ப்பதில்லை.

இந்தத் தொழிலில் போட்டிக்கா குறைவு? 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அந்த நாளிலிருந்து ஸ்வீடன் நாட்டுப் பணத்தோடு வந்த விம்கோவின் யந்திரங்களோடு ஒரு போட்டி, அடுத்த தெருக்காரரோடு ஒரு போட்டி, விலையில் போட்டி, லேபிளின் வர்ணத்தில் போட்டி என்று எத்தனையோ நடந்திருக்கின்றன. அந்த லேபிள் போட்டியிலிருந்துதான் சிவகாசியின் அச்சுத் தொழிலே பெருகியது. இருந்தாலும், ‘என் குச்சி என் பெட்டியில் மட்டுமே எரியும், என் குச்சி வேண்டுமானால் என் பெட்டியையும் வாங்கு’ என்று இங்கே யாரும் வியாபாரம் செய்யவில்லை.

அப்படி வியாபாரம் செய்தவர்கள் உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிக்காரர்கள். 2006 முதல் 2008 வரை நடந்த ஒளித்தட்டுச் சண்டையைத்தான் சொல்கிறேன். ஒரு பக்கம் எச்.டி. டிவிடி, மறு பக்கம் ப்ளூ-ரே. சினிமாவை வீட்டுக்குள் மிகுந்த தெளிவோடு காட்டப் போகிறோம் என்று இரண்டு கூட்டத்தாரும் புறப்பட்டார்கள். கதை எழுதுகிறவனுக்கு இந்தத் தட்டுச் சண்டையில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். கதை எப்போதும் ஏதாவது ஒரு பாத்திரத்தில்தான் வந்து சேருகிறது. ஓலையில் வந்தது, காகிதத்தில் வந்தது, பிலிமில் வந்தது, தட்டில் வந்தது. பாத்திரக்காரனுடைய குணம் பண்டத்துக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பதும் விமர்சனத்தின் வேலைதான் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் சண்டை எதைப் பற்றியது என்று பார்ப்போம். எழுத்தாணி கூர்மையாக இருந்தால் ஓலையில் எழுத்தைப் பொடியாக எழுதலாம். ஒரே ஓலையில் அதிக வரிகள் கொள்ளும். ஒளித்தட்டின் எழுத்தாணி ஒளிக்கதிர். பழைய பாட்டுத் தட்டைப் படித்த கதிரின் அலைநீளம் 780 நானோமீட்டர். டிவிடியின் சிவப்புக் கதிருக்கு 650. புதிய தட்டுகளுக்கு வாய்த்த நீலவூதாக் கதிருக்கு 405. நீல வெளிச்சத்தைக் குறைக்கடத்தியிலிருந்து எடுப்பது லேசில் கைகூடவில்லை. நீல ஒளி டையோடுக்காக அகசாகி, அமனோ, நகமுரா என்ற மூவருக்கு 2014-ல் நோபல் பரிசே கிடைத்தது.

இரு கூட்டத்தாருக்கும் எழுத்தாணி ஒன்றுதான். எழுதும் ஆழம்தான் வேறு. எச்.டி. டிவிடி, பழைய டிவிடியைப் போலவே மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் எழுதியது. அதனால் பழைய ஆலைகளைச் சிறிது மாற்றிக்கொண்டால் போதும், செலவு குறைவு. ப்ளூ-ரே 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில், மேல்தோலுக்கு அருகிலேயே எழுதியது. அதனால் ஒரு அடுக்கில் 15 ஜிகாபைட்டுக்குப் பதில் 25 ஜிகாபைட் கொண்டது. ஆனால் கீறல் விழாதிருக்க மேலே கெட்டியான பூச்சு வேண்டியிருந்தது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஒருவர் சிக்கனக்காரர், மற்றவர் தாராளக்காரர்.

இங்கேதான் ரசிகன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த இரண்டு தட்டுகளும் திரையில் காட்டிய படம் எப்படிப்பட்டது? இரண்டும் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். இரண்டிலும் படத்தைச் சுருக்கி வைக்கும் முறைகளும் ஒன்றேதான். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு இன்ன தட்டில் ஓடுகிற படம் என்று கண்டுபிடிப்பது அநேகமாக முடியாத காரியம். தெளிவின் பெயரால் நடந்த சண்டையில் தெளிவு ஒரு பிரச்னையாகவே இருக்கவில்லை! பெட்டி யாருடையது என்பதுதான் பிரச்னை.

சண்டை முடிந்த விதமும் இதைத்தான் சொல்கிறது. தோஷிபா 2006 மார்ச்சில் ஜப்பானில் முதல் எச்.டி. டிவிடி யந்திரத்தைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஜூனில் அமெரிக்காவில் ப்ளூ-ரே வந்தது. நவம்பரில் சோனி தன் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்குள்ளேயே ப்ளூ-ரேயை நுழைத்து, விளையாட வந்த பிள்ளைகளின் வீட்டுக்குள் தட்டைக் குடியேற்றிவிட்டது. படமுதலாளிகள் கட்சி பிரிந்தார்கள். யூனிவர்சல் ஒரு பக்கம். டிஸ்னியும் ஃபாக்ஸும் மறு பக்கம். பாரமவுண்ட் இரு பக்கமும் இருந்துவிட்டு 2007 ஆகஸ்டில் எச்.டி. டிவிடிக்குப் போயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் தோஷிபாவின் யந்திரம் ஒன்று அமெரிக்காவில் 100 டாலருக்கும் குறைவாகவே விற்பனைக்கு வந்தது. மலிவானது ஜெயிக்கும் என்பது நம் கடைவீதியின் சூத்திரம். அங்கே அது பலிக்கவில்லை. 2008 ஜனவரி 4-ந் தேதி வார்னர் கம்பெனி ப்ளூ-ரே பக்கம் மட்டும் நிற்கப் போவதாக அறிவித்தது. பிப்ரவரி 19-ந் தேதி தோஷிபா போர்க்களத்தை விட்டு விலகியது. படங்களின் சொந்தக்காரர்கள் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். யந்திரம் அந்தப் பக்கமே விழுந்தது. தோற்ற யந்திரத்தை வாங்கியவர்களிடம் மிஞ்சியது வேறு எந்தப் பெட்டியிலும் எரியாத குச்சிகள்.

நம் பங்குக்கு இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எச்.டி. டிவிடி உலகத்தைத் துண்டு போடவில்லை. எந்த நாட்டுத் தட்டும் எந்த நாட்டு யந்திரத்திலும் ஓடும். ப்ளூ-ரே உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டது. நாம் இருப்பது சி மண்டலம். அமெரிக்காவிலிருக்கும் மகன் வாங்கி அனுப்புகிற தட்டு, மண்டலப் பூட்டுப் போட்டதாக இருந்தால், விருதுநகரில் இருக்கும் தகப்பனாரின் யந்திரத்தில் ஓடாது. ஜெயித்தவர் நல்லவர், தோற்றவர் கெட்டவர் என்று கதை முடிக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

சரி, இந்த மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தபோது நம் ஊர்களில் என்ன ஓடிக்கொண்டிருந்தது? விசிடி. 1993-ல் வந்த சரக்கு. குறுக்கே 352, நெடுக்கே 288 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் ஒரு லட்சம். அங்கே சண்டை போட்ட தட்டுகளில் இருபது லட்சத்துக்கு மேல். ஒரு விசிடியில் 74 நிமிஷம்தான் கொள்ளும் என்பதால் நம் படத்தை இரண்டாக, சில சமயம் மூன்றாகத் துண்டு போட வேண்டும். இயக்குநர் இடைவேளைக்கு என்று யோசித்து வைத்த இடம் ஒன்று. தட்டு தீர்ந்துபோகும் இடம் வேறு. கதாநாயகி ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறப்பாள். எழுந்து போய் அடுத்த தட்டைப் போட்டால்தான் சொல்லி முடிப்பாள்.

அதிலும் திருட்டுத் தட்டுகளின் ராஜ்யம். 2004-ல் தமிழ்நாட்டில் வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். சட்டத்தால் ஆகாததை விலையால் செய்து பார்க்கலாம் என்று துணிந்தது டில்லியைச் சேர்ந்த மோசர் பேயர் கம்பெனி. 2007 வாக்கில் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று அது கடைகளில் பரப்பியது. திருட்டுச் சரக்கின் விலைக்கே நேர்மையான சரக்கு! அந்த நாட்களில் நம் ஜனங்களுக்கு யாராவது மரியாதை செய்தார்கள் என்றால் அந்த 28 ரூபாய் விலைதான் செய்தது என்பேன்.

ஆனால் மரியாதை விலையோடு நின்றுவிட்டது. ‘பாமர ஜனங்களுக்குக் கதை புரிந்தால் போதாதா? இருபது லட்சம் புள்ளி எதற்கு?’ என்று படித்தவர்களே பேசக் கேட்டிருக்கிறேன். இந்த வாதத்தோடு எனக்குத் தீராத விரோதம் உண்டு. அதற்கு இரண்டு படங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

ஒன்று, விருதுநகர்க்காரரான வசந்தபாலன் எடுத்த ‘வெயில்’. தட்டுச் சண்டை தொடங்கிய அதே 2006-ல் வந்தது. இரண்டாவது, சசி எடுத்த ‘பூ’. ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ என்ற சிறுகதையிலிருந்து பிறந்தது. தோஷிபா தோற்ற 2008-ல் வந்தது. தட்டு விற்ற மோசர் பேயரே அதன் தயாரிப்பிலும் பங்கு கொண்டது. இரண்டிலும் நம் கந்தக பூமிதான் களம். ‘பூ’வின் நாயகி மாரி பட்டாசு ஆலை வேலைக்குப் போகிறவள்.

முதல் படத்தில் தலைப்பே சொல்வதுபோல வெயில் ஒரு பாத்திரம். பள்ளிக்குப் போகாமல் சினிமாவுக்குப் போன மகனைத் தகப்பன் வெயிலில் நிறுத்துகிறான். அந்தச் சுடும் தரை, கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம், வேர்வை எல்லாம் அலங்காரமல்ல. கதையின் காரணமே அவைதான். ஒரு லட்சம் புள்ளியில் வெயில் என்ன ஆகும்? வானம் வெளுத்த சதுரங்களாக உடையும். கரிசல் மண்ணின் வெடிப்பு ஒரு கறுப்புத் திட்டாகும். வேர்வை காணாமலே போகும். தகப்பன் அடிப்பது தெரியும். எதனால் அந்தப் பையனுக்கு அது ஆயுள் முழுவதும் ஆறவில்லை என்பது தெரியாது.

இரண்டாவது படத்தில் நஷ்டம் இன்னும் பெரிது. மாரி தன் துக்கத்தை வாய் திறந்து சொல்கிற பெண்ணல்ல. பார்வதியின் முகம் அதைச் சொல்ல வேண்டும். சிரிப்பது போல் இருந்து சிரிக்காமல் போகிற ஓர் உதடு, எங்கோ போய்த் திரும்புகிற ஒரு பார்வை. சிறுகதை ஆசிரியன் ஒரு சொல்லை வைத்துச் செய்வதைத் திரையில் இந்த அசைவுகள் செய்கின்றன. நாவலில் பத்து வரியை அழித்துவிட்டு, ‘கதை புரிகிறதே’ என்று என்னிடம் யாராவது சொன்னால் நான் சும்மா இருப்பேனா? தெளிவு பணக்காரனுடைய ஆடம்பரம் அல்ல. பேசத் தெரியாத, பேச இடமில்லாத மனிதர்களைப் பற்றிய படத்துக்குத்தான் அது அதிகம் தேவை. வெடிகுண்டும் மோட்டார் ஓட்டமும் ஒரு லட்சம் புள்ளியில் பிழைத்துக்கொள்ளும். மாரியின் முகம் பிழைக்காது.

ஆகவே இருபது லட்சம் புள்ளியைக் கண்டுபிடித்தவர்களை நான் வாழ்த்துகிறேன். அதைத் தத்தம் பெட்டிக்குள் பூட்டிவைக்கச் சண்டை போட்டவர்களிடம்தான் எனக்குக் கோபம். அந்த இரண்டு ஆண்டுகளில் எந்தத் தட்டை வாங்குவது என்று தெரியாமல் உலகமே தயங்கி நின்றது. நாம் தயங்கக்கூட இல்லை. நமக்கு அந்தக் கேள்வியே வந்து சேரவில்லை. சில தமிழ்ப் படங்கள் பிற்பாடு ப்ளூ-ரேயில் வந்தன. அதற்குள் தட்டுக் கடைகளே மறைய ஆரம்பித்துவிட்டன. மோசர் பேயர் கம்பெனியைக் கலைத்துக் கடன் தீர்க்க 2018-ல் உத்தரவாயிற்று. ஜெயித்தவர் நிலைமையும் பொறாமைப்படும்படி இல்லை. பதிவு செய்யும் வெற்று ப்ளூ-ரே தட்டுகளின் உற்பத்தியைச் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது.

பாத்திரம் உடைவதைப் பற்றி நான் அழவில்லை. ஓலையும் உடைந்தது. ஆனால் உடைவதற்கு முன் ஒருவர் ஊர் ஊராக அலைந்து, ஏட்டை ஏட்டோடு ஒப்பிட்டு, காகிதத்துக்கு மாற்றினார். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது அப்படித்தான். உ.வே. சாமிநாதையருக்கு எதிரிகளாக இருந்தவை செல்லும் கரையானும் அடுப்பு நெருப்பும்தான். ஓலைக்குப் பூட்டுப் போட்டு, படி எடுக்கக் கூடாது என்று எந்தக் கம்பெனியும் குறுக்கே நிற்கவில்லை. சினிமாவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இன்று தட்டும் கையில் இல்லை. மாதச் சந்தா கட்டி, கம்பி வழியாக வரும் படத்தைப் பார்க்கிறோம். தெளிவு வந்துவிட்டது, சந்தேகமில்லை. நாற்பது ரூபாய்க்குள் தட்டு வாங்கிய குடும்பம் இன்று கைபேசியில் அதைவிடத் துல்லியமான படம் பார்க்கிறது. ஆனால் இந்தச் சந்தாக்காரரிடம் இருக்கும் படம் அந்தச் சந்தாக்காரரிடம் இல்லை. இங்கே இருந்த படம் ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு காலையில் காணாமல் போகிறது. 28 ரூபாய்த் தட்டையாவது பீரோவில் வைத்துப் பூட்டலாம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் இரவல் கொடுக்கலாம். எச்.டி. டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் நடந்த சண்டை 2008-ல் முடிந்தது என்று சொல்வார்கள். பெட்டிச் சண்டை முடியவில்லை. குச்சியை நம் கையில் கொடுக்காமலே நடத்தக் கற்றுக்கொண்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

வாசகர்கள் யந்திரங்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அலைநீளமும் அடுக்கும் அவரவர் தொழில்காரர்களுக்கு. புதிய சாதனம் ஒன்றை யாராவது தெளிவு, தெளிவு என்று கூவிக்கொண்டு வாசலுக்குக் கொண்டுவந்தால், ‘இதிலுள்ள குச்சி வேறு பெட்டியில் எரியுமா, ஐயா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். பத்து விரலிலும் மருந்துக் கறையோடு வேலை செய்த நம் ஊர்ப் பெண்கள் நூறு வருஷமாகச் செய்து கொடுத்திருக்கும் சரக்கு அது. அதைவிடக் குறைந்த சரக்குக்கு நாம் அதிக விலை கொடுப்பானேன்?